‘ரா ரா’ ஒரு காதல் பாட்டு: சந்திரமுகி ஏன் பக்கத்து மொழியில் பாடுறா?

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. “2007-ல டிம் பர்ட்டன் எடுத்த ‘ஸ்வீனி டாட்’ மாதிரி, இருட்டா, பாட்டாலேயே நகர்ற, பழிவாங்குற கதை ஒண்ணு நம்ம ஊர்ல ஏன் வரல?” அப்படின்னு கேட்டிருந்தாங்க.

பதில் ரொம்ப சிம்பிள். வந்துச்சு. 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு ரிலீஸ் ஆச்சு. அண்ணா சாலை சாந்தி தியேட்டர்ல மட்டும் 800 நாளுக்கு மேல ஓடுச்சு. பேரு ‘சந்திரமுகி’.

சிரிக்காதீங்க. வடிவேலு காமெடியையும் தலைவரோட ஓபனிங் சாங்கையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. மீதி என்ன இருக்கு? ஒரு பழைய அரண்மனை, பூட்டின அறை, அதுக்குள்ள புதைச்சு வெச்ச ஒரு கொலை. புதுசா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு. ராத்திரியில கேக்குற சலங்கைச் சத்தம். வேற எந்தப் பேரு வெச்சாலும் இது கோதிக் கதைதான். கோதிக் கதைங்கள்ல பேயை விட வீடுதான் முக்கியம். அந்த வீட்ல எப்பவோ நடந்த ஒரு அநியாயம் கணக்கு முடியாம கிடக்கும். யாரோ ஒருத்தர் சாவியைத் திருப்புவாங்க. கணக்கு மறுபடி ஓப்பன் ஆகும்.

இன்னிக்கு நான் பேசப் போறது அந்தப் படத்தோட உச்சமான ‘ரா ரா’ பாட்டைப் பத்தி. அதுல நடிச்சவங்க, பாடினவங்களைப் பத்தி. அப்புறம் இருபது வருஷமா நாம அந்தப் பாட்டை எப்படிக் கேக்குறோம்ங்கறதைப் பத்தி. ‘சந்திரமுகி’, ‘ஸ்வீனி டாட்’ ரெண்டோட முடிவையும் உடைச்சுத்தான் சொல்லப் போறேன். பாக்காதவங்க பாத்துட்டு வந்துடுங்க.

பாடுறது யாரு?

முதல்ல ‘ஸ்வீனி டாட்’. ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைச்சு பாடல் எழுதின மேடை நாடகம் இது. 1979-ல பிராட்வேல வந்தது. இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் மேடையையே பழைய இரும்பு ஃபவுண்டரி மாதிரி ஆக்கி, காதைக் கிழிக்கிற ஃபேக்டரி விசில் சத்தத்தோட நாடகத்தை ஆரம்பிச்சாரு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த மூட் என்னன்னு விளக்க வேண்டியதில்ல.

கதை இது. லண்டன்ல பெஞ்சமின் பார்க்கர்னு ஒரு சவரத் தொழிலாளி. அவனோட பொண்டாட்டி மேல ஒரு நீதிபதி கண்ணு வெச்சு, இவன் மேல பொய்க் கேஸ் போட்டு நாடு கடத்திடுறாரு. 15 வருஷம் கழிச்சு ஸ்வீனி டாட்ங்கற பேர்ல திரும்பி வர்றான். கையில சவரக்கத்தி. பர்ட்டனோட படத்துல ஜானி டெப், ஹெலனா போன்ஹம் கார்ட்டர், ஆலன் ரிக்மன் எல்லாரும் சொந்தக் குரல்லேயே பாடினாங்க. யாருமே தொழில்முறைப் பாடகர் இல்ல. அதுதான் அங்க பலம். டெப் பாடும்போது குரல் மெலிசா, பல்லைக் கடிச்சுட்டுப் பேசுற மாதிரி வரும். ரிக்மன் நாற்காலியில சாஞ்சு கழுத்தைக் காட்டி உக்காந்திருப்பாரு. டெப் கத்தியை வெச்சுக்கிட்டு நிப்பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து பெண்களோட அழகைப் பத்தி ஒரு மென்மையான டூயட் பாடுவாங்க. கொல்றவனும் சாகப் போறவனும் ஒரே மெட்டுல. அந்தப் பாட்டு முடியுற வரைக்கும்தான் அந்த ஆளுக்கு உயிர்.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. இந்தக் கதையில அநியாயம் நேரடியா நடந்தது யாருக்கு? அவன் பொண்டாட்டி லூசிக்கு. அவ என்ன ஆனா? மனநிலை தவறி, பிச்சை எடுத்துக்கிட்டு, அதே தெருவுல அலையுறா. துண்டு துண்டா ஏதோ பாடுறா. யாரும் காது குடுக்கல. பழிவாங்குற வெறியில அவன் அவளை அடையாளம் தெரியாமலேயே கொன்னுடுறான். அவளுக்காகப் பழிவாங்க வந்தவன்தான் அவளைக் கொல்றான். அந்தப் படத்துல பெரிய பாட்டெல்லாம் அவனுக்கு. அவளுக்குக் கிடைச்சது முனகல் மட்டும்.

‘சந்திரமுகி’ இந்த இடத்துலதான் வேற மாதிரி. இங்க பாதிக்கப்பட்டவளே பழிவாங்க வர்றா. முழுப் பாட்டும் அவளுக்குத்தான். படத்தோட பேரே அவ பேரு. ரஜினி படத்துக்கு, ஹீரோ பேர் இல்லாம, நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி செத்துப்போன ஒரு நடனப் பொண்ணோட பேரு.

ஆனா அந்தப் பாட்டு நமக்குப் புரியாத மொழியில இருக்கு.

ஒரு கதை, நாலு மொழி, ஒரு டிஃப்

கோடு எழுதுறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே புரோகிராமோட ரெண்டு வெர்ஷன் இருந்தா, டிஃப் போட்டுப் பாப்போம். எந்த வரி மாறியிருக்கு, எந்த வரி மாறல. ரீமேக் படங்களுக்கும் இதைச் செய்யலாம்.

ஒரிஜினல் 1993-ல வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்ரத்தாழ்’. எழுதினவர் மது முட்டம், இயக்கினவர் ஃபாசில். மோகன்லால், சுரேஷ் கோபி, ஷோபனா. படத்துல வர்ற மாளிகையோட ஒரு பகுதி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைச்சது. அங்க பழிவாங்குற பொண்ணு பேரு நாகவல்லி. தஞ்சாவூர்ல இருந்து கொண்டு வரப்பட்ட நடனக்காரி. மலையாளப் படத்துல அவ பேசுறது தமிழ்.

2004-ல பி.வாசு இதைக் கன்னடத்துல ‘ஆப்தமித்ரா’னு எடுத்தாரு. விஷ்ணுவர்தன், சௌந்தர்யா. அங்கயும் பேரு நாகவல்லிதான். ஆனா பேசுறது தெலுங்கு. அடுத்த வருஷம் அதே வாசு தமிழ்ல ‘சந்திரமுகி’. இங்கயும் தெலுங்கு. 2007-ல பிரியதர்ஷன் இந்தியில ‘பூல் புலையா’ எடுத்தாரு. அங்க அவ பேரு மஞ்சுலிகா. பேசுறது வங்காளி.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. ‘சந்திரமுகி’ தெலுங்குல டப் ஆச்சு. இப்ப சிக்கல். தெலுங்குக்காரங்களுக்கு ‘ரா ரா’ சாதாரணமாப் புரியுமே? அதனால அங்க அந்தப் பாட்டைத் தமிழ்ப் பாட்டா மாத்திட்டாங்க. தலைப்பு ‘வாராய்’. அதாவது, ஹைதராபாத்ல சந்திரமுகி தமிழ்ப் பேய்!

டிஃப் ரிசல்ட் இதுதான். அரண்மனை மாறல. பூட்டு மாறல. டாக்டர் மாறல. துர்காஷ்டமி ராத்திரி மாறல. ஒவ்வொரு தடவையும் கட்டாயம் மாத்தின ஒரே வரி பேயோட மொழி. அதுக்கு விதியும் ஒண்ணுதான். தியேட்டர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அது தாய்மொழியா இருக்கக் கூடாது. ஆனா கேட்ட உடனே “ஓ, இது அவங்க மொழி”னு தெரியணும். ரொம்பத் தூரமும் வேணாம், ரொம்பக் கிட்டவும் வேணாம். பக்கத்து வீட்டு மொழி.

பக்கத்து மொழி எதுக்கு?

இதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு. கங்காங்கற பொண்ணு சந்திரமுகியா மாறுறதை எப்படிக் காட்டுவீங்க? கிராபிக்ஸ் வேணாம், மேக்கப் வேணாம். வாயைத் திறந்து வேற மொழி பேசினாப் போதும். அந்த ஒரு நொடியில, கட்டின புருஷனுக்கே அவ அந்நியம் ஆயிடுறா. செலவே இல்லாத ஸ்பெஷல் எஃபெக்ட்.

இன்னொரு காரணம் வரலாறு. ஒரு நடனக்காரி தெலுங்குல பாடுறது கற்பனையே இல்ல. தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்டப்போ அரசவை மொழி தெலுங்கு. சதிருக்குப் பாடின பதங்கள், ஜாவளிகள்ல பெரும்பகுதி தெலுங்கு. 17-ஆம் நூற்றாண்டு க்ஷேத்ரய்யரோட பதங்கள் தெலுங்கு. திருவையாத்துல வாழ்ந்த தியாகராஜர் பாடினது தெலுங்கு. அப்படிப் பாத்தா, மலையாளப் படத்துல தமிழ் பேசுற தஞ்சாவூர் நாகவல்லியும் நெஜத்துல சபையில ஆடியிருந்தா, பாதி நேரம் தெலுங்குப் பதத்துக்குத்தான் ஆடியிருப்பா.

ஆனா இந்தத் தந்திரத்துக்கு ஒரு பக்க விளைவு இருக்கு. வார்த்தை புரியலைன்னா நாம சத்தத்தை மட்டும்தான் கேப்போம். கலைஞ்ச முடி, கண்ணுல வழிஞ்ச மை, இருட்டு, புரியாத மொழி. மூளை தானா முடிவு பண்ணிடும்: இவ மிரட்டுறா.

‘ரா ரா’ன்னா என்னன்னு தெரியுமா? “வா, வா.” அவ்ளோதான்.

பாட்டு முழுக்க அவ யாரையும் சபிக்கல, கொல்லுவேன்னு சொல்லல. தன்னோட காதலனைக் கூப்பிடுறா. ஏங்குறா. அது ஒரு காதல் பாட்டு. எழுதினவர் தெலுங்குப் பாடலாசிரியர் புவனசந்திரா. இதே மாதிரி மலையாளத்துல நாகவல்லி பாடுறதும் காதலனைக் கூப்பிடுற பாட்டு. அதோட தமிழ் வரிகளை எழுதினது நம்ம வாலி. இந்தியில மஞ்சுலிகா பாடுற வங்காளி வரிகளும் காதல்தான். அத்தனை வெர்ஷன்லயும், படத்தோட பயங்கரமான இடத்துல வர்ற பாட்டு ஒரு பொண்ணு தன் ஆளை வரச்சொல்லிப் பாடுற பாட்டு. தியேட்டர்ல உக்காந்திருந்த நமக்கு மட்டும் அது பேய்ப் பாட்டு.

கதையில நடந்தது என்னன்னு ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க. வேட்டையன்ங்கற ராஜா ஆந்திராவுல ஒரு நடனக்காரியைப் பாத்து ஆசைப்பட்டுத் தூக்கிட்டு வர்றான். அவளுக்கு ஏற்கெனவே குணசேகரன்னு ஒரு நடனக்காரனோட காதல். அவன் எதிர்ல குடி வர்றான். ராஜாவுக்குத் தெரிஞ்சதும் அவன் தலையை வெட்டி, இவளை உயிரோட எரிக்கிறான். இப்ப பாட்டைக் கேளுங்க. அவ கூப்பிடுறது ஒரு செத்துப்போன ஆளை. வரவே முடியாதவனைப் பாத்து வா வான்னு பாடுறா. இதுக்கு மேல ஒரு இருட்டான பாட்டு வேணுமா?

நாலு பேரு, நாலு விதம்

சரி, இதை எப்படி நடிக்கிறது? நாலு நடிகைகளும் நாலு வழி எடுத்தாங்க.

ஷோபனா பரதநாட்டியக் கலைஞர். சென்னையில நாட்டியப் பள்ளி நடத்துறவங்க. அவங்க நாகவல்லியா ஆடும்போது முத்திரை தப்பாது, அரைமண்டி கலையாது. கோபம் நாட்டிய இலக்கணத்துக்குள்ளேயே வருது. அதனாலதான் பயம் அதிகம். இவ பைத்தியம் இல்ல, இவளுக்கு ஒரு கலை தெரியும், ஒரு வாழ்க்கை இருந்துச்சுன்னு அந்த உடம்பே சொல்லுது. காட்சி ரெண்டு உலகத்துக்கு மாறி மாறிப் போகும். ஒண்ணு அவ பாக்குற உலகம்: விளக்கு, நகை, கூட ஆடுற காதலன். இன்னொண்ணு வாசல்ல நிக்கிறவங்க பாக்குறது: வெறும் அறையில தனியா ஆடுற ஒரு பொண்ணு. ரெண்டுலயும் ஷோபனாவோட தாளம் ஒண்ணு. முகம்தான் வேற.

சௌந்தர்யாவுக்கு தெலுங்கு வெறும் டயலாக் இல்ல. கர்நாடகாவுல பிறந்தவங்கன்னாலும் தெலுங்கு சினிமாவோட பெரிய நட்சத்திரம். அவங்க வாயில அந்த மொழி வாழ்ந்த மொழியா வரும். 2004 ஏப்ரல்ல விமான விபத்துல இறந்துட்டாங்க. ‘ஆப்தமித்ரா’ ரிலீஸ் ஆனது அந்த ஆகஸ்ட்ல. செத்துப்போன ஒருத்தி திரும்பி வந்து ஆடுற காட்சியை, நெஜமாவே இல்லாமப் போன ஒரு நடிகை ஆட, கர்நாடகா தியேட்டர்ல உக்காந்து பாத்துச்சு.

ஜோதிகா மும்பையில பிறந்தவங்க. ஷோபனா மாதிரி நாட்டியத்தை வாழ்க்கையா எடுத்துக்கிட்டவங்க இல்ல. அதனால அவங்க ஆட்டத்தை உடம்புல தேடாதீங்க, முகத்துல தேடுங்க. எல்லாம் கண்ணுலதான் நடக்குது. கட்டில் காட்சி ஞாபகம் இருக்கா? வெளிய போக வேணாம்னு பிரபு சொல்றாரு. முதல்ல கெஞ்சல், அப்புறம் ஏமாற்றம், அப்புறம் அந்தப் பார்வை மெதுவா இறுகுது. கட்டிலைத் தூக்குறதை விட, அதுக்கு முன்னாடி இருக்கிற அந்தச் சில நொடிதான் நடிப்பு. அதுக்கப்புறம் ‘ரா ரா’வுல அவங்க சிரிக்கிற சிரிப்பை சவுண்டை மியூட் பண்ணிட்டுப் பாருங்க. அது மிரட்டுற சிரிப்பு இல்ல. வெட்கம். காதலன் எதிர்ல நிக்கிற பொண்ணோட சிரிப்பு. பின்னணி இசையும் மையும்தான் அதை நமக்கு வேற மாதிரி விக்குது.

வித்யா பாலன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், வளர்ந்தது மும்பை. இந்திப் படத்துல வங்காளி பேசுற பேயா நடிச்சாங்க. நாலு பேர்ல இவங்க பண்ணினதுதான் ரொம்ப அமைதி. கோபத்தை விட துக்கம் அதிகம். குணசேகரனா ஆடின வினீத் தமிழ்லயும் இருக்காரு, இந்தியிலயும் அதே இடத்துல இருக்காரு. ரெண்டு படத்துலயும் ஒரே காதலன். பேய்க்கு மொழி மாறினாலும் அவ கூப்பிடுற ஆள் மாறலன்னு எனக்கு அதுல ஒரு சின்ன சந்தோஷம்.

ரஜினியை விட்டுட்டுப் போக முடியாது. ‘மணிச்சித்ரத்தாழ்’ல மோகன்லால் டாக்டர் மட்டும்தான். கன்னடத்துலயும் தமிழ்லயும் வாசு ஒரு மாற்றம் பண்ணாரு. டாக்டரா நடிக்கிற ஸ்டாரே கொலைகார ராஜாவாவும் வருவாரு. ‘மூன்று முடிச்சு’, ‘16 வயதினிலே’ காலத்து வில்லன் ரஜினி, சில நிமிஷத்துக்கு வேட்டையனா திரும்பி வந்தாரு. அந்த நடை, நாக்கை உருட்டுற அந்த ‘லக லக’. தியேட்டர் கிழிஞ்சுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவளைக் குணமாக்க வந்தவனுக்கும் அவளை எரிச்சவனுக்கும் ஒரே முகம். நாம ரெண்டு பேருக்கும் விசில் அடிச்சோம். அவளோட கண்ணுல இருந்து பாத்தா, இதை விடப் பயங்கரமான விஷயம் இந்தப் படத்துல வேற எதுவும் இல்ல.

பேய்க்குக் குரல் குடுத்தவங்க

‘ஸ்வீனி டாட்’ல பாடுற குரலும் நடிக்கிற உடம்பும் ஒண்ணு. நம்ம சினிமாவுல அப்படி இல்ல. ஒரு பேயை உருவாக்கப் பல பேர் வேணும்.

மலையாள நாகவல்லியை எடுத்துக்கோங்க. உடம்பு ஷோபனா. பாட்டுக் குரல் சித்ரா. பேச்சுக் குரல்? கங்காவுக்கு டப்பிங் குடுத்தவங்க பாக்கியலட்சுமி. அதனால நாகவல்லிக்கும் அவங்கதான்னு ரொம்ப வருஷம் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. நாகவல்லியா தமிழ் பேசினது துர்கான்னு ஒரு டப்பிங் கலைஞர்னு ஃபாசில் 2016-ல சொன்னதுக்கு அப்புறம்தான் பலருக்குத் தெரிஞ்சது. யாருமே கேக்காத ஒரு பொண்ணைப் பத்தின படத்துல, அவளுக்குக் குரல் குடுத்தவங்க பேரு இருபது வருஷத்துக்கு மேல வெளிய தெரியல.

தமிழ்ல வித்யாசாகர் இசை. ‘ரா ரா’ பாடினவங்க கேரளாவைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகி பின்னி கிருஷ்ணகுமார், கூட திப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க. மும்பைப் பொண்ணோட முகம், கேரளப் பொண்ணோட குரல், தெலுங்குக் கவிஞரோட வரி, தமிழ்ப் படம். இதுல “அந்நிய மொழிப் பேய்” யாரு? இந்த நாலு ஊர் சேர்ந்தாதான் அவளே உண்டாகுறா.

ஒரு வெள்ளிக்கிழமை வீணை

இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். நான் இருக்கிறது மூலக்கொத்தளம். கொத்தளம்னா கோட்டை மதில்ல வெளிய துருத்திட்டு நிக்கிற காவல் மேடை. வெள்ளைக்காரன் காலத்துல கறுப்பர் நகரத்தைச் சுத்தி மதில் கட்டினான். வால்டாக்ஸ் ரோட்டுப் பேருல இருக்கிற ‘வால்’ அந்த மதில்தான். கோட்டை மதில் இருந்த இடம், பக்கத்துலயே பெரிய சுடுகாடு. கோதிக் நாவலுக்குப் பேர் வெக்கச் சொன்னாக்கூட இவ்ளோ பொருத்தமா வராது.

ஆனா இங்க தெலுங்கு பேய் மொழி இல்ல. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைன்னு எந்தத் தெருவுக்குப் போனாலும் தெலுங்கு கேக்கும். தண்ணி லாரி வந்தா குடம் வரிசையில தெலுங்கு. பூக்கடையில தெலுங்கு. ஒரே வாக்கியத்துல பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசுற பாட்டிங்க உண்டு. “ரா ரா”ன்னு கூப்பிட்டா இந்தத் தெருவுல பயந்து ஓட மாட்டாங்க, சாப்பிடக் கூப்பிடுறாங்கன்னு நினைப்பாங்க.

சந்திரமுகி மாதிரி ஒருத்தி நெஜமா இங்க வாழ்ந்தா எப்படி இருந்திருப்பா? பரம்பரையா இசையும் நடனமும் வந்த குடும்பத்துல பிறந்து, தெலுங்குப் பதங்களை யாரை விடவும் நல்லாப் பாடி வாசிச்ச ஒருத்தி? வாழ்ந்தாங்க. வீணை தனம்மாள். 1867-ல பிறந்து 1938-ல இறந்தாங்க. இங்கிருந்து கொஞ்ச தூரத்துல, ஜார்ஜ் டவுன்ல வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்ல வீணை வாசிச்சுக்கிட்டே பாடுவாங்க. நகரத்தோட பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து சத்தம் போடாம உக்காந்து கேப்பாங்க. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி அவங்க பேத்தி.

இப்படிப்பட்ட பரம்பரையில வந்த பெண்களைச் சினிமா பெரும்பாலும் ரெண்டு விதமாத்தான் காட்டிச்சு. ஒண்ணு குடும்பத்தைக் கெடுக்க வந்தவ. இல்லைன்னா செத்துப்போய் ஆவியா வந்தவ. 1947-ல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் வேணும்னு போராடின பெண்களுக்கு வலுவான காரணம் இருந்துச்சு. அதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அந்தக் கொடுமையோட சேத்து, அந்தப் பெண்களோட கலையையும் பேரையும் கூட ஒரு அறைக்குள்ள வெச்சுப் பூட்டினோம். சந்திரமுகியோட பூட்டின அறையை நான் அப்படித்தான் பாக்குறேன். உள்ள இருக்கிற பொருளைப் பாருங்க: சலங்கை, நகை, ஓவியம். கொலைக்கருவி ஒண்ணுகூட இல்ல. ஒரு கலைஞரோட சாமான்.

பொம்மையை எரிச்சா கணக்கு முடியுமா?

முடிவுக்கு வருவோம். துர்காஷ்டமி ராத்திரி. சந்திரமுகி வேட்டையனைப் பழிவாங்கணும். டாக்டர் வேட்டையன் வேஷத்துல வர்றாரு. கடைசி நொடியில ஆளுக்குப் பதிலா பொம்மையை மாத்தி வெச்சிடுறாங்க. அவ எரிக்கிறது பொம்மையை. திருப்தியாயிடுறா. போயிடுறா. கங்கா கண் முழிக்கிறா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. சுபம்.

மருத்துவமா இது எவ்ளோ சரின்னு டாக்டர்கள் சொல்லட்டும். கதையா எனக்கு ஒண்ணு உறுத்துது. படம் முழுக்க அவளை எப்படி வெளிய அனுப்பலாம்னு பேசுறாங்க. நடுவுல பழி துர்கா மேல போகுது, நயன்தாரா நடிச்ச பொண்ணு மேல. ஒரு பொண்ணு இல்லைன்னா இன்னொரு பொண்ணு. ஆனா, அவ பாடினது என்னன்னு அந்த அரண்மனையில யாரும் உக்காந்து பேசல. “வா”ன்னு கூப்பிட்டவளுக்கு ஒரு பொம்மையைக் குடுத்து அனுப்பிட்டாங்க.

‘ஸ்வீனி டாட்’ல யாரும் கேக்காத லூசி அவன் கையாலேயே செத்தா. இங்க எல்லாரும் கேட்டாங்க, புரிஞ்சுக்கல. எது மோசம்னு எனக்குத் தெரியல.

அதுக்கப்புறம் வந்த படங்களைப் பாருங்க. 2010-ல கன்னடத்துல ‘ஆப்தரக்ஷகா’, தெலுங்குல ‘நாகவல்லி’. 2023-ல கங்கனா ரனாவத், ராகவா லாரன்ஸ் நடிச்ச ‘சந்திரமுகி 2’. ஒரிஜினல்ல அவ கங்காவோட மனசுல உருவானவ. அவளைப் புரிஞ்சுக்கலாம்ங்கற வாய்ப்பாவது இருந்துச்சு. ‘சந்திரமுகி 2’ல நெஜப் பேயாவே ஆக்கிட்டாங்க. பேய்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் கேக்க வேண்டிய வேலை இல்லை. விரட்டினாப் போதும்.

சுடுகாட்டுல தூங்குற மொழி

மூலக்கொத்தளம் சுடுகாட்டுல ரெண்டு பேரோட நினைவிடம் இருக்கு. நடராசன், தாளமுத்து. 1938-ல பள்ளிக்கூடங்கள்ல இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினதை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போனவங்க. 1939-ல ரெண்டு பேரும் சில மாச இடைவெளிக்குள்ள, சிறைவாசத்தின்போதே இறந்துட்டாங்க. மொழிப்போர் தியாகிகள்னு நாம சொல்ற வரிசை இவங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது. எழும்பூர்ல இருக்கிற தாளமுத்து நடராசன் மாளிகை இவங்க பேர்லதான்.

இவங்க எதிர்த்தது ஒரு மொழியை மேல இருந்து திணிக்கிறதை. பக்கத்து வீட்டுக்காரங்க பேசுற மொழியை இல்ல. இந்த வித்தியாசம் இந்த ஏரியாவுல யாருக்கும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்போ சென்னை யாருக்குங்கற சண்டை ரெண்டு பக்கமும் சூடா நடந்துச்சு. சண்டை முடிஞ்சுது, எல்லை போட்டாச்சு. ஆனா தண்டையார்பேட்டையில குடம் வரிசை அப்படியேதான் இருந்துச்சு. இங்க தமிழுக்காகச் செத்தவங்க நினைவிடத்தைத் தாண்டி தெலுங்கு பேசிக்கிட்டே ஜனங்க போறாங்க, வர்றாங்க. ரெண்டுக்கும் இடம் இருக்கு.

ஒரு மொழி எப்ப பேயா மாறுது? அது பேசுறவங்களை நமக்குத் தெரியாதப்போ. தெரிஞ்சுட்டா அது வெறும் கூப்பிடு குரல். ‘சந்திரமுகி’யோட பயம் முழுக்க இந்த ஒரு தெரியாமை மேலதான் நிக்குது. அதைத் தாண்டியும் அந்தப் பாட்டு நம்ம மனசுல இத்தனை வருஷமா நிக்குதுன்னா, அதுக்குக் காரணம் ஜோதிகாவோட கண்ணும் பின்னியோட குரலும். வார்த்தை புரியாத இடத்துலயும் அவங்க ரெண்டு பேரும் அந்தப் பொண்ணோட வலியைக் கொண்டு வந்து சேத்துட்டாங்க. வரி புரியாமலேயே நாம அதை முணுமுணுக்குறோம். உள்ளுக்குள்ள எங்கயோ அது காதல் பாட்டுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை குடுக்குறேன். தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிங்க. சென்னையில அதுக்கு ரொம்ப அலைய வேண்டியதில்ல. பக்கத்துல உக்கார வெச்சு ‘ரா ரா’வைப் போடுங்க, வரிக்கு வரி அர்த்தம் கேளுங்க. பாட்டு முடியும்போது உங்களுக்குப் பயம் வந்துச்சா, வேற ஏதாவது வந்துச்சான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். பார்ப்போம்.